முழங்கால் உயரத்தில் ஒரு குருவி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கோத்தா திங்கி வட்டாரத்துத் தோட்டங்களில் இப்போது யார் கையிலும் நல்ல கேமரா இருக்கிறது. கறுப்பு முதுகும் ஆரஞ்சு மார்புமாக எது படத்தில் விழுந்தாலும் வாட்சாப் குழுவில் அதற்கு ‘செம்மார்பு ஈப்பிடிப்பான்’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பறவை செம்பனை மட்டையில் உட்கார்ந்திருந்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. அது, காட்டின் அடியைவிட்டு வராத செம்மார்பு ஈப்பிடிப்பான் இல்லை.

தோட்டத்தில் அப்படி ஏமாற்றுபவை முக்கியமாக இரண்டு. முதலாவது ஆரஞ்சு வயிற்று மலர்கொத்தி. ஆணுக்குத் தொண்டை சாம்பல், முதுகு நீலம் கலந்த கறுப்பு, வயிறு பளிச்சென்ற ஆரஞ்சு. செம்மண் சடக்கோரம் ஊதாப்பூ பூத்து நிற்கும் செண்டுடோக் புதரில் பழம் தின்றுகொண்டு ஒரு நொடி சும்மா இருக்காது. இரண்டாவது முகிமாக்கி ஈப்பிடிப்பான். வடகிழக்கு ஆசியாவிலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் இங்கே வந்துபோகும் விருந்தாளி. நவம்பர் முதல் மார்ச் வரை வந்த படங்களில் பெரிய குழப்பம் இதனால்தான். இதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

லயத்துக் கூரையில் காலையில் விசிலடிக்கும் குண்டுகரிச்சானும், கூண்டில் அடைத்துப் போட்டிக்குக் கொண்டுபோகும் முராய் பத்துவும் இந்த ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். வாலை விசிறியாக விரித்துக் குதிக்கும் முராய் கிலா பறந்து பறந்து பூச்சி பிடித்தாலும் வேறு குடும்பம். தொழில் ஒன்றாக இருந்தால் உறவு என்று ஆகிவிடாது.

இனி செம்மார்பு ஈப்பிடிப்பானைக் கிட்டத்தில் பார்ப்போம். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 11, 12 சென்டிமீட்டர்தான். கடைத்தெருச் சிட்டுக்குருவியைவிடச் சிறியது. ஆணின் முதுகு கரும்பலகைக் கறுப்பு. கண்ணுக்கு மேலே தொடங்கிப் பின்னோக்கி ஓடும் வெள்ளைப் புருவம் உண்டு. மடக்கிய இறக்கையில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கீற்று தெரியும். மார்பு ஆரஞ்சு. தொண்டைக்குப் போகப் போக நிறம் வெளுக்கும், வயிறு வெள்ளை. வாலின் அடிப்பகுதியில் இரு பக்கமும் வெள்ளை இருக்கும், ஆனால் அது பறக்கும்போதுதான் கண்ணில் படும். பெண்ணுக்கு இந்த அலங்காரம் எதுவும் கிடையாது. பழுப்பு முதுகு, கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம், மார்பில் துருப்பிடித்த சாயல், அவ்வளவுதான். பெண்ணைத் தனியாகப் பார்த்துப் பெயர் சொல்ல நேர்ந்தால் அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் பக்கத்தில் ஆண் இருக்கும். ஐந்து நிமிடம் காத்திருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அறிவியலுக்கு இதை அறிமுகப்படுத்தியவர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், 1864இல். இப்போதைய பெயர் ஃபிசெடுலா டூமெடோரியா. தென் தாய்லாந்து, தீபகற்ப மலேசியா, சுமாத்ரா, போர்னியோ, ஜாவா, அதற்குக் கிழக்கே சில தீவுகள் என்று பரவியிருக்கிறது. அழியும் ஆபத்தை வைத்து உயிரினங்களைத் தரம்பிரிக்கும் பன்னாட்டுச் செம்பட்டியலில் ‘அச்சுறுத்தலுக்கு நெருங்கியது’ என்ற நிலை. தாழ்நிலக் காடு, மலையடிவாரம், மூங்கில் மண்டிய ஓடைப் பள்ளம், இவைதான் இதன் வீடு. வருடம் முழுக்க அங்கேயே இருக்கும், வலசை போகாது.

முகிமாக்கியிலிருந்து பிரித்தறிய நான் முதலில் பார்ப்பது உயரத்தை. முகிமாக்கி மரத்தின் நடுப்பகுதியிலும் உச்சியிலும் திரியும், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். செம்மார்பான் தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குள். அடுத்து கால். செம்மார்பானின் கால் வெளிறிய இளஞ்சிவப்பு, முகிமாக்கியின் கால் கருமை கலந்தது. மூன்றாவது புருவம். முகிமாக்கிக்குக் கண்ணுக்குப் பின்னால் சின்ன வெள்ளைப் பொட்டுபோல் நின்றுவிடும், செம்மார்பானுக்கு நீண்டு ஓடும். நான்காவது தொண்டை. முகிமாக்கியின் ஆரஞ்சு தாடைவரை அடர்த்தியாக ஏறும், செம்மார்பானுக்குத் தொண்டை வெளிறியிருக்கும். செம்மார்பானின் அலகும் உடம்பு அளவுக்குச் சற்று நீளம். படத்தில் கால் தெரியவில்லை, உயரமும் குறித்துவைக்கவில்லை என்றால், புருவத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்லாதீர்கள். தலையைத் திருப்பிய கோணத்தில் நீண்ட புருவமும் பொட்டாகச் சுருங்கித் தெரியும்.

அலகைப் பற்றி இன்னும் ஒன்று. பறந்து பூச்சி பிடிக்கும் ஈப்பிடிப்பான்களுக்குப் பொதுவாக அலகின் அடி அகலமாகவும் தட்டையாகவும் இருக்கும், வாயோரத்தில் விறைத்த மயிர்கள் நிற்கும். அந்த மயிர்கள் பூச்சியை வாய்க்குள் தள்ளும் வலை என்று பல கையேடுகளில் படித்திருப்பீர்கள். அமெரிக்க ஈப்பிடிப்பான்களில் செய்த சோதனைகளில் மயிரை நீக்கிய பறவையும் பூச்சியைத் தவறவிடவில்லை. பறந்துவரும் சிறகு, கால், தூசி ஆகியவற்றிலிருந்து கண்ணைக் காப்பதே அவற்றின் வேலை என்ற விளக்கம்தான் எனக்கு ஏற்கும்படி இருக்கிறது. செம்மார்பான் வெறும் காற்றில் மட்டும் பிடிப்பதில்லை, இலையின் அடியிலிருந்தும் சில வேளை தரையிலிருந்தும் பூச்சியைப் பறித்துக்கொண்டு போகும். குச்சி, கொடி, முள் ஊடாகப் புகுந்து திரும்பும் ஆளுக்குக் கண்தான் மூலதனம்.

சரி, இது ஏன் தோட்டத்துக்குள் வருவதில்லை?

செம்பனையை 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 143 மரம் நிற்கும். நிரைக்கு நிரை ஒரே வயது, ஒரே உயரம். மரத்தைச் சுற்றி வட்டத்துக்கு மருந்தடித்துச் சுத்தமாக வைப்பார்கள், கொட்டை பொறுக்க அதுதான் வசதி. வெட்டிய மட்டையை ஒரு நிரை விட்டு ஒரு நிரை அடுக்குவார்கள். மேலே கூரை இருக்கிறது, கீழே மட்டை இருக்கிறது. நடுவில், முழங்காலிலிருந்து தலை உயரம்வரை, ஒன்றுமே இல்லை. செம்மார்பானுக்கு வேண்டியதோ அந்த நடுதான். விரல் பருமனில் படுக்கையாக நீளும் கன்றுக் கிளை, அதன் கீழே காற்று அசையாத நிழல், ஈரமான சருகு, அதிலிருந்து எழும் சின்னப் பூச்சி. செம்பனைக்கு அடியில் நண்பகலில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். பக்கத்துக் காட்டுக்குள் பத்தடி வைத்தால் வேறு நாடு. அடர்காட்டின் தரையை எட்டும் வெளிச்சம் உச்சியில் விழுவதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். அந்த இருட்டில் வாழப் பழகிய குருவி சடக்கின் வெட்டவெளியைத் தாண்டுவதற்கே தயங்கும்.

பழைய பால்மரத் தோட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. பால்வெட்டு நின்றுபோய், கீழே புதர் ஏறி, காட்டை ஒட்டியிருந்தால் சில காட்டுப் பறவைகள் எட்டிப் பார்க்கும். ஆனால் செம்மார்பானை அங்கே எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

தோட்டம் காட்டுக்குள் நுழையாமலேயே காட்டின் அடியைக் காலி செய்யும் வழி ஒன்று உண்டு. அது காட்டுப்பன்றி. செம்பனையில் உதிரும் பழம் பன்றிக்கு வருடம் முழுக்க விருந்து. இரவில் தோட்டத்தில் தின்றுவிட்டுப் பகலில் காட்டுக்குள் படுக்கும். குட்டி போடும் நேரத்தில் தாய்ப்பன்றி இளங்கன்றுகளைக் கடித்தும் பிடுங்கியும் குவித்துக் கூடு கட்டும். நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காப்புக்காட்டில் எண்ணிப் பார்த்தபோது ஒரே கூட்டுக்குச் சராசரியாக 200க்கும் மேற்பட்ட கன்றுகள் போயிருந்தன. அந்தக் காட்டையே 24 ஆண்டு கவனித்து 2017இல் வெளியான ஆய்வில், அடிமட்டக் கன்றுகள் 62 விழுக்காடு குறைந்திருந்தன. பாதிப்பு வேலியோரத்தில் மட்டும் இல்லை, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போயிருந்தது. பன்றி பிடுங்கும் அந்த விரல் பருமன் கன்றுதான் நம் குருவி உட்காரும் இடம். ஆகவே ஒரு காட்டின் விளிம்பில் நின்று பார்க்கும்போது மரம் எவ்வளவு உயரம் என்பதைவிட, இடுப்பு உயரத்தில் எத்தனை கன்று நிற்கிறது என்று பாருங்கள். எதிரே முப்பது மீட்டர் தெளிவாகத் தெரிகிறது என்றால் அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். ஐந்தாறு மீட்டருக்கு மேல் பார்வை போகவில்லை என்றால் நில்லுங்கள்.

ஆற்றோரம் விட்டுவைக்கும் காட்டுக்கும் இதே கணக்குதான். மலேசியாவில் நீர்ப்பாசன, வடிகால் துறையின் வழிகாட்டியில் ஆற்றின் அகலத்தைப் பொறுத்து ஒவ்வொரு கரையிலும் விட வேண்டிய அளவு இருக்கிறது. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு 50 மீட்டர், 20 முதல் 40 வரைக்கு 40 மீட்டர், 10 முதல் 20 வரைக்கு 20 மீட்டர், 5 முதல் 10 வரைக்கு 10 மீட்டர், அதற்கும் சின்ன ஓடைக்கு 5 மீட்டர். தண்ணீர் கலங்காமல் இருக்க இது உதவும். பறவைக்கு? சபாவின் செம்பனைப் பகுதிகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, பறவை வகைகள் காட்டாற்றோரம் அளவுக்கு இருக்க ஒரு கரைக்கு 40 மீட்டராவது வேண்டும் என்றும், காட்டை மட்டும் நம்பி வாழும் இனங்களுக்கு 100 மீட்டர் வேண்டும் என்றும் சொன்னது. செம்மார்பான் விரும்புவது பெரிய ஆறு இல்லை, தாண்டிக் குதிக்கும் அளவு ஓடை. அந்த ஓடைக்குத் தோட்டத்தில் கிடைப்பது 5 மீட்டர். ஒரு நிரை செம்பனையின் இடைவெளிகூட அதைவிட அதிகம். வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் மேனேஜருக்கும் சொல்ல ஒன்று உண்டென்றால் இதைத்தான் சொல்வேன்: ஓடைக்கரையில் மறுநடவு செய்யும்போது கடைசி இரண்டு நிரையை விட்டுவிட்டால் போதும், அடியில் வளர்வது தானாக வளரும். அந்த இடத்தில் விளைச்சலும் அப்படியொன்றும் பெரிதாக இருக்காது, வெள்ளம் வந்தால் உரம் ஆற்றோடு போகும்.

கோத்தா திங்கியில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. மெர்சிங் சாலையில் வடக்கே போனால் பந்தி காப்புக்காடு. அங்குள்ள பங்கர் பாதையை அறியாத பறவை ஆர்வலர் இங்கும் சிங்கப்பூரிலும் குறைவு. உள்ளே போக அனுமதி வேண்டுமா என்று முதலில் ஜொகூர் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், விதி மாறும். யானை நடமாட்டம் உள்ள காடு அது. பாதையில் சாணம் ஈரமாக, ஆவி பறக்க இருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், திரும்பிவிடுங்கள்.

இங்கே சூரியன் 7 மணிவாக்கில் எழும். காட்டின் அடியில் கண்ணுக்குப் பயன்படும் வெளிச்சம் வர எட்டாகிவிடும், பத்தரைக்கு மேல் குருவி அடங்கிவிடும். பாடும் காலம் பெரும்பாலும் பிப்ரவரிக்குப் பிறகு, அதாவது மழை ஓய்ந்து, காட்டுப் பறவைகள் கூடு வைக்கத் தொடங்கும் மாதங்கள். அகலமான பாதையில் நடந்துகொண்டே தேடினால் கிடைக்காது. ஓடை பாதையைக் கடக்கும் இடங்களை முதல் நாளே குறித்துவைத்து, ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம் அசையாமல் இருங்கள்.

நிற்க வேண்டாம், உட்காருங்கள் அல்லது மண்டியிடுங்கள். நின்றால் கண் ஒன்றரை மீட்டருக்கு மேலே, கன்றுகளின் இலைக் கூரைக்கு நேராக இருக்கும், இலையைத் தவிர எதுவும் தெரியாது. மண்டியிட்டால் அந்த இலைக்கும் சருகுக்கும் இடையே ஒரு வெற்றிடம் திறக்கும். தண்டுகள், வேர்கள், கொடிகள், நடுநடுவே பத்துப் பதினைந்து மீட்டர்வரை ஓடும் பார்வை. குருவி வேட்டையாடுவது அந்த வெற்றிடத்தில்தான். அசைவைப் பார்க்காதீர்கள், அசைவு நின்ற இடத்தைப் பாருங்கள். ஒரு கொம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டென்று பாய்ந்து, வேறொரு கொம்பில் போய் நிற்கும். இருட்டில் முதலில் கண்ணில் படுவது மார்பின் ஆரஞ்சு இல்லை, அந்த வெள்ளைப் புருவம்.

குரல் மிக மெல்லியது, மிக உயர்ந்த சுருதி. ‘ஸீ-வி-ஸீ, ஸி-வி-ஸி-ஈ’ என்று ஊசியால் இழுத்தாற்போல் வரும். பூச்சிச் சத்தம் என்று நினைத்து விட்டுவிடுவோம். இதில் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. புல்வெட்டும் இயந்திரத்திலும் எண்ணெய் ஆலையிலும் காதை மூடாமல் பல வருடம் வேலை செய்தவர்களுக்கு முதலில் போவது உயர்ந்த சுருதிதான். பேச்சு நன்றாகக் கேட்கும், இந்தக் குருவி கேட்காது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போனால் பாதி வேலை முடிந்தது. கைபேசியில் ஒலியை வரைபடமாகக் காட்டும் செயலியும் உதவும். திரையின் மேல்பகுதியில் மெல்லிய கோடுகள் விழுந்தால் காது ஏமாற்றினாலும் கண் பிடித்துவிடும். குரலைக் கேட்டுப் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின்போன்ற செயலி சொல்லும் பெயரை மட்டும் அப்படியே ஏற்காதீர்கள்.

பதிவுசெய்த குரலை ஒலிபரப்பி இழுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. ஒரு சின்ன ஓடைப் பள்ளத்துக்கு ஒரு ஜோடி. எதிரி வந்துவிட்டான் என்று ஆண் கூட்டைவிட்டு வந்து உங்கள் முன் கால்மணி நேரம் நின்றால், அந்தக் கால்மணி நேரம் அது இரை பிடிக்கவில்லை. பிரபலமான பாதையில் வாரம் நான்கு குழு இதையே செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதைவிட மோசம் படத்துக்காகக் குறுக்கே நிற்கும் குச்சிகளை வெட்டுவது. பன்றி செய்ததையே கத்தரியை வைத்துச் செய்கிறோம்.

இருகண்நோக்கி 8x42 எடுங்கள். 8x25 சட்டைப் பையில் அடங்கும், ஆனால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 3 மில்லிமீட்டர்தான், 42இல் அது 5க்கு மேல். காட்டின் அடியில் இந்த வித்தியாசம்தான் ஆரஞ்சு தெரிவதும் வெறும் கறுப்பு உருவம் தெரிவதும். இரண்டு மீட்டர் கிட்டத்திலும் குவியும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள். பொறுமையாக உட்கார்ந்தால் அவ்வளவு அருகே வரும்.

கேமராவுக்கு: எஃப் 5.6, 1/160 நொடி, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400. படத்தில் புள்ளி விழும், விழட்டும். வேகத்தைக் கூட்டி இருட்டாக எடுத்துப் பிறகு வெளிச்சம் ஏற்றினால் இன்னும் மோசமாக இருக்கும். ஒற்றைக்கால் தாங்கி அவசியம். குவியப் புள்ளியை மிகச் சிறியதாக வையுங்கள், பெரியதாக வைத்தால் முன்னால் நிற்கும் குச்சியைத்தான் பிடிக்கும். பின்புலம் இருட்டாக இருப்பதால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டி வெள்ளைப் புருவத்தை வெளுக்க வைத்துவிடும், முக்கால் படி குறையுங்கள். இலை வழியே வரும் பச்சை வெளிச்சத்தில் மார்பு மண்நிறமாகத் தெரியும், ரா கோப்பாக எடுத்தால் வீட்டில் சரிசெய்யலாம். ஏர்கோன் காரிலிருந்து நேராக எடுத்தால் லென்ஸ் பனித்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறவுங்கள்.

அட்டைக்கு முழங்கால்வரை இழுத்துக் கட்டும் அட்டைக் காலுறை போதும். கடித்துவிட்டால் நெருப்பு வைக்காதீர்கள், நகத்தால் வாய்ப்பக்கத்தை மெல்லத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் ஒன்றிரண்டு மணி நேரம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியவை வேறு. ஓடை நீரில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம், காலில் புண் இருந்தால் தண்ணீர் பக்கமே வேண்டாம். குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா இங்கே காட்டோரத்திலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. அந்தி சாய்வதற்குள் வெளியே வந்துவிடுங்கள். காட்டுக்குப் போய்வந்த சில வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

ஓடையருகே உட்கார்ந்திருக்கும்போது நீல முதுகும் ஆரஞ்சு மார்புமாக, கொஞ்சம் பெரிதாக ஒன்று வந்தால் அது மலேசிய நீல ஈப்பிடிப்பான். ஆணுக்குத் தொண்டையும் நீலம், பெண்ணுக்குத் தொண்டை வெளிறிய ஆரஞ்சு. அதுவும் தாழ்நிலக் காட்டு ஆற்றோரத்தைவிட்டு வெளியே வராத இனம், அதுவும் செம்பட்டியலில் அதே நிலையில்தான் இருக்கிறது. அதைப் பார்த்தாலே அன்றைய பயணத்துக்குச் செய்த செலவு வசூல்.

பார்த்ததை இபேர்ட் என்னும் இணையப் பறவைப் பதிவேட்டில் பதியும்போது பெயரும் எண்ணிக்கையும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தது, ஓடை எத்தனை மீட்டரில், காட்டின் விளிம்பு எவ்வளவு தூரம், சுற்றிலும் கன்று அடர்த்தியா இல்லையா, பன்றிக் கூடு கண்ணில் பட்டதா, இந்த ஐந்தையும் குறிப்பில் எழுதுங்கள். காலின் நிறம் தெரிந்திருந்தால் அதையும் சேருங்கள், நவம்பர் முதல் மார்ச்வரை வரும் பதிவென்றால் சரிபார்ப்பவர் கட்டாயம் கேட்பார். உட்கார்ந்து பார்த்தும் வராத ஓடையையும் நேரத்தோடு பதியுங்கள். அடுத்த வருடம் அந்தக் கரையில் மறுநடவு நடந்தால், முன்பு அங்கே என்ன இருந்தது, என்ன இல்லை என்று காட்ட அந்தப் பட்டியல்தான் கையில் இருக்கும்.